தெளிவான சம்மதம்

அந்த மருத்துவமனையில் கை நோயாளிகளுக்கென்று தனியாக ஒரு குழு இருந்தது. விரல் கணுக்களில் மூட்டு மாற்று அறுவை யாருக்குச் செய்யலாம், யாருக்குக் கூடாது என்று தீர்மானிப்பது அதன் வேலை. மூன்றாவது மாடியில் அதன் அறை. கதவுக்கு உருண்டையான பித்தளைக் குமிழ் போட்டிருந்தார்கள். இறுகப் பிடித்துத் திருகினால்தான் திறக்கும். திருகித் திறந்துகொண்டு வந்தவர்களுக்குக் கை நன்றாக இருக்கிறது என்று பொருள்; உட்காரும் முன்பே ஐந்து மதிப்பெண் கூடிவிடும். மதிப்பெண் கூடக் கூட அறுவை தள்ளிப்போகும். திருக முடியாதவர்களால் உள்ளே வரவே முடியாது. இதனால் குழுவுக்குக் கூட்டம் என்றைக்குமே அளவாகத்தான் இருந்தது.

மெக்கானிக் தன் மனைவிக்காகக் கதவைத் திறந்தார். குழுச் செயலர் நிமிர்ந்து பார்த்தார்.

"கதவ யார் தொறந்தது?"

"நான்தாங்க."

"நோயாளி நீங்களா?"

"இல்லீங்க, இவங்க."

"அப்ப நோயாளி கதவத் தொறக்கல. ஆனா தொறக்க முடியாதுன்னும் நிரூபிக்கல" என்று சொல்லி ஏதோ எழுதிக்கொண்டார்.

மெக்கானிக்கின் வேலை லிஃப்ட் பழுது பார்ப்பது. முப்பது வருஷத்துக்கு முன் ஒரு பெரிய சலவை நிலையத்தில் சரக்கு லிஃப்ட் நின்றுபோய் அதைப் பார்க்கப் போனபோதுதான் அவளை முதலில் பார்த்தார். ஓட்டல் படுக்கை விரிப்புகளையும் துண்டுகளையும் மூட்டை மூட்டையாக வெளுக்கும் இடம். துவைக்கும் இயந்திரங்களும் உலர்த்தும் உருளைகளும் போடுகிற இரைச்சலில் பக்கத்தில் நிற்பவர் கத்தினாலும் காதில் விழாது. எல்லோரும் வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் சொன்னது இன்னொருவருக்கு எட்டவில்லை. மடிக்கும் மேசையில் இருந்த ஒரு பெண் மட்டும் நாற்பதடி தள்ளி இருந்தவளிடம் கையால் ஏதோ சொன்னாள், அங்கே அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கையால் பேசியவளுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. மேசைக்காரிகள் அத்தனை பேரும் அவளிடமிருந்து அந்தப் பாஷையைக் கற்றுக்கொண்டிருந்தார்கள். கை போகிற வேகத்தைப் பார்த்து அவளுக்கு மின்னல் என்று பேர் வைத்திருந்தார்கள். மெக்கானிக் அந்த லிஃப்டை அரை நாளில் சரிசெய்திருக்கலாம். ஒன்பது நாள் எடுத்துக்கொண்டார்.

மின்னலின் கைகளில் முடக்குவாதம் வந்து ஏழு வருஷமாகிறது. கணுக்கள் வீங்கின. பிறகு விரல்கள் எல்லாம் சுண்டுவிரல் பக்கமாக, தாங்கல் எடுத்துவிட்ட அலமாரிப் புத்தகங்கள் மாதிரி சரிந்தன. அவள் பேச்சு ஒரே நாளில் நின்றுவிடவில்லை. முதலில் போனது கேலி. கேலிக்கு வேகம் வேண்டும். அடுத்துப் போனது சண்டை. கை வலியோடு எவ்வளவு நேரம்தான் சண்டை போடுவது? அப்புறம் நீளமான வாக்கியங்கள் போயின. "நேத்து" என்பதும் "நாளைக்கு" என்பதும் ஒரே மாதிரி தெரிய ஆரம்பித்தன.

மெக்கானிக் சத்தத்தை வைத்தே லிஃப்டில் எங்கே கோளாறு என்று சொல்கிறவர். வீட்டிலும் அதே வித்தையைக் காட்டினார். அவள் பாதி சொல்லும்போதே மீதியை இவர் முடித்துவிடுவார். சரியா என்று பார்ப்பார். அவள் தலையாட்டுவாள். இல்லை என்று சொன்னால் இன்னும் நாலு சொல் சொல்ல வேண்டியிருக்கும். அதற்குத் தலையாட்டிவிடுவது சுலபம்.

குழுவில் கேட்க நாற்பது கேள்விகள் இருந்தன. சீப்பைப் பிடிக்க முடிகிறதா, சாவியைத் திருப்ப முடிகிறதா, சட்டைப் பொத்தான் போட முடிகிறதா என்று செயலர் வரிசையாகக் கேட்டார். மின்னல் சாவியை இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்துத் திருப்புவாள். பொத்தானைப் பல்லால் இழுப்பாள். மெக்கானிக் அதைச் சொன்னதும், "ஆக, முடியுது" என்று செயலர் குறித்துக்கொண்டார். கடைசியில் கூட்டிப் பார்த்தார்.

"முப்பத்தொண்ணு. முப்பதோ அதுக்குக் கீழயோ இருந்தாத்தான் தகுதி."

"ஐயா, பேசறதுக்குக் கேள்வியே இல்லீங்களே" என்றார் மெக்கானிக். "இவங்க கையாலதான் பேசுவாங்க. அது போயிட்டிருக்கு. அதுக்குத்தான் வந்தோம்."

அதுவரை கோப்பு படித்துக்கொண்டிருந்த குழுத் தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். தூய வெள்ளைக் கோட்டு. மேசையில் வைத்திருந்த கைகள் வழுவழுவென்று இருந்தன.

"இந்த நாப்பது கேள்வியும் நானே உக்காந்து எழுதினது" என்றார். "மூணு வருஷம் ஆச்சு. மனுஷன் கையால செய்யற காரியம் ஒண்ணு விடாம இதுல இருக்கு. நீங்க சொல்றது இதுல இல்லன்னா அது கை வேலை இல்லன்னு அர்த்தம். பேசறது வாய். வாய்க்கு ரெண்டாவது மாடி."

இரண்டாவது மாடியில் தொண்டை மருத்துவர் மின்னலின் தொண்டைக்குள் சின்னக் கண்ணாடியை விட்டுப் பார்த்தார். பார்த்துவிட்டுப் பக்கத்து அறை மருத்துவரையும் கூப்பிட்டுக் காட்டினார். இவ்வளவு நல்ல குரல் நாண்களைத் தாம் இந்த வருஷத்தில் பார்க்கவில்லை என்றார். சான்றிதழில் இப்படி எழுதிக் கொடுத்தார்: "குரல்வளை இயல்பான நிலையில் உள்ளது. இதுவரை பயன்படுத்தப்படாததால் தேய்மானம் இல்லை. நோயாளி விரும்பினால் பேசலாம்."

அதைக் கொண்டுபோய் மூன்றாவது மாடியில் கொடுத்தபோது செயலர் மேலும் மூன்று மதிப்பெண் கூட்டினார். முப்பத்து நான்கு.

மகள் கூப்பிட்டது அந்த வாரத்தில்தான். ஒரே மகள், தொலைவில் வேறொரு ஊரில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அவளுக்குக் காது கேட்கும். ஆனாலும் பேசப் படிக்கும் முன்பே கையால் பேசியவள். வாராவாரம் போனில் முகம் பார்த்து அம்மாவோடு பேசுவாள். அன்றைக்கு அவள் முகம் அழுது ஊதிப் போயிருந்தது.

"அவரு என்கிட்ட பேசறதே இல்லம்மா" என்று வாயாலும் கையாலும் சேர்த்தே சொன்னாள். "மூணு மாசமாச்சு. சண்ட எதுவும் இல்ல. திட்டறதும் இல்ல. நான் இருக்கேங்கிறதே அவருக்குத் தெரியாத மாதிரி போறாரு வர்றாரு. நான் அங்க வந்துடட்டுமா?"

மின்னல் வெகுநேரம் பதில் சொன்னாள். கைகளைத் தூக்குவதும் தாழ்த்துவதுமாக இருந்தாள். போனின் சின்னத் திரையில் மகளுக்கு அது விளங்கவில்லை.

"அம்மா என்னப்பா சொல்றாங்க? எனக்குப் புரியல."

அவர்கள் பாஷையில் விரல்களை நீட்டித் தன் பக்கம் மடக்கினால் "வா." விரல்களைச் சேர்த்துக் கீழே தாழ்த்தினால் "பொறு." நேராகாத விரல்களில் இரண்டும் ஒன்றுதான். மெக்கானிக் மனைவியின் முகத்தைப் பார்த்தார். அது இறுகியிருந்தது. பொறுமை சொல்கிற முகம் என்று எடுத்துக்கொண்டார்.

"பொறுத்துப் போகச் சொல்றாம்மா. எல்லாம் சரியாயிடுமாம்."

மகள் திரையிலிருந்த தாயையே கொஞ்ச நேரம் பார்த்தாள். சரி என்று தலையசைத்துவிட்டு வைத்துவிட்டாள். போனைப் பிடித்துக்கொண்டிருந்த கணவர் மகளிடம் என்ன சொன்னார் என்று மின்னலுக்குக் கேட்கவில்லை.

ஐந்து மாதத்தில் கை இன்னும் மோசமாகி மதிப்பெண் முப்பதுக்குக் கீழே இறங்கியதும் குழு மறுபடி கூப்பிட்டது. சம்மதம் வாங்குவதற்காக அரசு மொழிபெயர்ப்பாளர் ஒருவர் நியமிக்கப்பட்டிருந்தார். அதுவரை அந்தப் பதவி காலியாக இருந்தது. மெக்கானிக் வழக்கம்போல மனைவி பக்கத்தில் போய் நின்றார்.

"நீங்க அந்தப் பக்கம் உக்காருங்க" என்றார் செயலர். "உறவுக்காரங்க மொழிபெயர்க்கக் கூடாது. அவங்கவங்களுக்கு வேண்டியதைச் சொல்லிடுவாங்க."

மெக்கானிக்குக்குக் கோபம் வந்தது. போய் உட்கார்ந்தார்.

மொழிபெயர்ப்பாளர் மடிப்புக் கலையாத சட்டையில் வந்திருந்தார். கரும்பலகையில் எழுதுகிற மாதிரி பெரிது பெரிதாக, ஒவ்வொரு சொல்லாகக் கையால் கேட்டார்: அறுவைக்குச் சம்மதமா? மின்னல் சொன்னாள்: சம்மதம். சீக்கிரம் செய்யுங்கள். வாரத்துக்கு ஒரு சொல் போய்க்கொண்டிருக்கிறது.

மொழிபெயர்ப்பாளர் தலையைச் சாய்த்துப் பார்த்தார். இன்னொரு முறை சொல்லச் சொன்னார். பிறகு தலைவரிடம் திரும்பினார்.

"சம்மதம்னு சொல்ற மாதிரிதான் இருக்கு சார். ஆனா 'சாப்பிட்டாச்சு'ன்னும் எடுத்துக்கலாம். உச்சரிப்பு சுத்தமா இல்ல. இதுல நான் கையெழுத்துப் போட்டா என் சான்றிதழுக்கு ஆபத்து."

தலைவர் எழுந்து நின்றார். முக்கியமானதைச் சொல்லும்போது அவர் எழுந்து நிற்பது வழக்கம்.

"தெளிவா சம்மதம் சொல்லாத ஒருத்தர் மேல நாங்க கத்தி வைக்கிறதா? இதென்ன கசாப்புக் கடையா? நோயாளியோட குரலுக்கு மதிப்புக் கொடுக்கிற குழு இது. அந்தக் குரல் எங்களுக்குத் தெளிவா கேக்கணும். கேக்கற வரைக்கும் நாங்க காத்திருப்போம். எத்தன வருஷமானாலும் காத்திருப்போம்."

"கை சரியா இருந்தா தெளிவா சொல்லியிருப்பாங்கய்யா" என்றார் மெக்கானிக்.

"அதத்தான் நானும் சொல்றேன். கை சரியானதும் வந்து சொல்லட்டும்."

"கை சரியாயிட்டா அப்புறம் எதுக்குங்க சம்மதம்?"

தலைவர் புன்னகையோடு செயலரைப் பார்த்தார். செயலர் எழுதினார்: "அறுவை தேவையில்லை என்பது கணவரின் கருத்து." அடுத்த விண்ணப்பத்துக்கு ஓராண்டு கழியவேண்டும் என்று விதி இருந்தது.

அந்த ஓராண்டில் இடது கட்டைவிரல் மடங்கி உள்ளங்கைக்குள் போயிற்று. சலவை நிலையத்தில் மடிக்கும் மேசையிலிருந்து மின்னலை எடுத்து, துண்டுகளை எண்ணும் இடத்தில் போட்டார்கள். எண்ணி முடித்து எத்தனை என்று சொல்ல அவளால் முடியவில்லை. ஒரு மாதத்தில் வீட்டுக்கு அனுப்பினார்கள். மகள் கூப்பிடுவது குறைந்தது. கூப்பிட்டாலும் அப்பாவிடம்தான் பேசினாள். திரையில் மகள் முகம் வந்தால் மின்னல் எழுந்து உள்ளே போனாள். முடியாததால்தான் போகிறாள் என்று மெக்கானிக் மகளுக்குச் சொன்னார்.

ஆண்டு முடிந்து மூன்றாவது முறை போவதற்கு முன் மடிக்கும் மேசையின் மேஸ்திரி அக்கா வீட்டுக்கு வந்தாள். ஈரக் கம்பளியைத் தனியாளாகப் பிழிகிற கை அவளுக்கு.

"நாங்களும் வர்றோம் தம்பி. அவ சொல்றது எங்களுக்குப் புரியுது. அந்த ஆளுக்குப் புரியலன்னா அவன் கண்ணுலதான் கோளாறு."

ஆறு பெண்கள் விடுமுறை நாளை விட்டுக்கொடுத்து வந்தார்கள். குழு அறையில் சுவரோரமாக நின்றார்கள். மின்னல் மெல்லச் சொன்னாள். மேஸ்திரி அக்கா அதைத் தன் கையால் அப்படியே திருப்பிச் சொன்னாள். மொழிபெயர்ப்பாளர் முகம் மலர்ந்தது.

"ரொம்ப அருமையான உச்சரிப்பு சார். ஒவ்வொரு வார்த்தையும் சுத்தம். முழு சம்மதம்."

"பாத்தீங்களா?" என்றார் தலைவர் மெக்கானிக்கிடம். "நாங்க பிடிவாதமா நின்னதாலதான் இன்னிக்கு இது நடந்துச்சு. இவ்வளவு தெளிவான சம்மதம் இந்தக் குழுவுக்கு வந்ததே இல்ல."

ஆறு மாதத்தில் கடிதம் வந்தது. வலது கை, நான்கு கணுக்கள், தேதி, வெறும் வயிற்றோடு வரவும். கடிதம் மேஸ்திரி அக்கா பேருக்கு வந்திருந்தது.

"என் கைய அறுக்கப் போறாங்களாம் தம்பி" என்று அதை நீட்டினாள்.

மெக்கானிக் ஓடினார். செயலர் கோப்பைப் புரட்டினார்.

"சம்மதம் சொன்னவங்களுக்குத்தான செய்ய முடியும்? அவங்க சொன்னாங்க, தேதி குடுத்துட்டோம். வேண்டாம்னா ரத்து செய்யலாம். மறுபடி வரிசை. இன்னொரு ரெண்டு வருஷம்."

மெக்கானிக் கடிதத்தை வாங்கி மடித்து வைத்துக்கொண்டு வந்துவிட்டார்.

தேதியன்று இரண்டு பெண்களும் வெறும் வயிற்றோடு போனார்கள். அறுவை மருத்துவர் குள்ளமான பெண்மணி. எத்தனையோ மணி நேரமாக நின்றுகொண்டே இருந்தவர் போலத் தெரிந்தார். மேஸ்திரி அக்காவின் கையைத் திருப்பிப் பார்த்தார். பிறகு பக்கத்தில் இருந்த மின்னலின் கையைப் பார்த்தார். அதை விடாமல் பிடித்துக்கொண்டே மெக்கானிக் சொன்னதை எல்லாம் கேட்டார். கேட்டு முடித்ததும் மின்னலின் முகத்துக்கு நேராக நின்று, அவள் கையையும் உள்ளே இருந்த அறுவைக் கூடத்தையும் சுட்டிக் காட்டி, புருவத்தை உயர்த்தினார். மின்னல் தலையாட்டினாள்.

"எனக்கு இது போதும்" என்று கடிதத்தில் இருந்த பேரை அடித்து வேறு பேர் எழுதினார். "ஆனா வலது கைக்கு மட்டும்தான் உத்தரவு இருக்கு. இடது கைய என்னால தொட முடியாது. வலி போயிடும், விரல் நேராகும். பழைய வேகம் வராது. பொய் சொல்ல மாட்டேன். ரெண்டு வருஷம் முன்னாடி வந்திருந்தா நல்லா இருந்திருக்கும்."

"ரெண்டு வருஷம் முன்னாடிதாங்கம்மா வந்தோம்" என்றார் மெக்கானிக்.

மருத்துவர் கை கழுவ உள்ளே போனார்.

அரித்துப்போன எலும்பு முனைகளை எடுத்துவிட்டு, கணுவுக்கு ஒன்றாக நான்கு சின்ன சிலிக்கோன் கீல்கள் வைத்தார்கள். கீல் என்றதும் மெக்கானிக்குக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. ஆனால் அடுத்த வாரங்கள் கடினமாக இருந்தன. ஒவ்வொரு விரலையும் ரப்பர் வளையத்தில் தொங்கவிட்ட பட்டையோடு வலது கை இருந்தது. இடது கை என்றோ போயாயிற்று. வீட்டில் பேச்சே இல்லை. மெக்கானிக் தம் குரலைக் கேட்பதற்காக லிஃப்டோடு பேசுவதாக உடன் வேலை செய்கிறவர்கள் சொன்னார்கள்.

பட்டையைக் கழற்றிப் பயிற்சி தொடங்கி மூன்று மாதம் கழித்து மின்னல் சொற்களைத் திரும்பப் பிடித்தாள். ஒரு கையால் சொல்லக்கூடியவை மட்டும். மெதுவாகத்தான் வந்தன. ஆனால் எழுத்தாணியால் கீறினது போல வந்தன. மெக்கானிக் இடது கைக்கும் விண்ணப்பம் போட்டார். இந்த முறை குழு உடனே கூப்பிட்டது.

மின்னல் குழுவின் முன் நின்று சொன்னாள்: "வீடு, வேலை, குடும்பம், இதெல்லாம் சொல்ல இரண்டு கை வேண்டும். எனக்குப் பாதிப் பேச்சுதான் இருக்கிறது. மீதியும் வேண்டும்."

மொழிபெயர்ப்பாளர் ஒரு சொல் பிசகாமல் சொன்னார். தலைவர் எழுந்து நின்றார்.

"எனக்கு இன்னிக்கு நெஞ்சு நெறஞ்சு இருக்கு. இந்த அம்மா முதல்ல வந்தப்ப இவங்க சொன்னது ஒண்ணும் எங்களுக்குப் புரியல. இன்னிக்கு ஒவ்வொரு வார்த்தையும் புரியுது. இது இந்தக் குழுவோட வெற்றி. இவ்வளவு அழகா பேசறவங்களுக்குப் பேச முடியலன்னு சொல்லி இன்னொரு அறுவை செஞ்சா, இவங்க பேச்சை நாங்களே அவமதிச்ச மாதிரி ஆயிடும். அந்தப் பாவத்தை நாங்க செய்ய மாட்டோம்."

விண்ணப்பம் தள்ளுபடி ஆயிற்று. செயலர் சுவரில் மாட்டுவதற்காக மின்னலின் வலது கையை மட்டும் படம் எடுத்துக்கொண்டார்.

வெளியே பேருந்து நிறுத்தத்து இருக்கையில் இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். மெக்கானிக் தலைவரை மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்தார். மின்னல் அவர் முழங்காலைத் தட்டினாள். பிறகு வலது கையால் நிறுத்தி நிறுத்தி ஒன்று கேட்டாள். இரண்டு வருஷமாகக் கேட்க முடியாமல் வைத்திருந்தது.

"நான் வா என்று சொன்னேனே. அவள் ஏன் வரவில்லை?"

மெக்கானிக்குக்குப் புரியவில்லை. யார் என்று கேட்டார்.

"மகள். அவன் பேசவில்லை என்று அழுத அன்றைக்கு. வா, இப்போதே கிளம்பு என்று சொன்னேன். சரி என்று தலையாட்டினாள். ஆனால் வரவில்லை. அம்மா வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டாளா?"

"வா" என்ற சொல்லை அவள் சொன்னபோது நான்கு விரல்களும் நேராக நீண்டு தன் பக்கம் மடங்கின. அதில் பொறுமை எதுவும் இல்லை.

பேருந்து ஒன்று வந்து நின்று போயிற்று. மெக்கானிக் சொன்னார். தான் என்ன பார்த்தார், என்ன சொன்னார் என்பதை ஒளிக்காமல் சொன்னார். எதுவும் விட்டுப் போகாமல் கையால் இரண்டு முறை சொன்னார். மின்னல் அவரைப் பார்க்கவில்லை. தன் கையை மடியில் வைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு வருஷம் மகள் மேல் வைத்திருந்த கோபத்தை இனி எங்கே வைப்பது என்று தெரியாதவள் போல இருந்தாள்.

"எல்லாவற்றையும் நீயே முடித்துவிடுகிறாய்" என்று மட்டும் சொன்னாள்.

வீட்டுக்கு வந்ததும் மகளைக் கூப்பிட்டார்கள். மெக்கானிக் போனைத் தண்ணீர்ச் செம்பில் சாய்த்து வைத்தார். மகள் இளைத்திருந்தாள். அம்மா திரை முன்னால் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துத் தயங்கினாள். மெக்கானிக் நடந்ததைச் சொன்னார்.

மகள் கையைத் தூக்கவில்லை. அப்பாவிடம் வாயால் மட்டும் பேசினாள்.

"இப்பல்லாம் அவரு பேசறாருப்பா" என்றாள். "சாவி எங்கன்னு கேக்கறாரு. தட்டு வைங்கறாரு. எனக்குத்தான் பதில் சொல்ல வாய் வரல. அம்மாவே பொறுன்னு சொன்னப்புறம் நான் யாருகிட்டப்பா போறது?"

மின்னலுக்கு அது கேட்கவில்லை. முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டாள். வலது கையைத் தூக்கினாள். "வா" என்றாள். அடுத்த சொல் வீடு. அவர்கள் பாஷையில் இரண்டு கைகளின் விரல் நுனிகள் கூரை மாதிரி சேர்ந்தால்தான் வீடு. அவளுடைய இடது கை மடியை விட்டு எழவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த கணவரின் இடது கையைப் பிடித்து இழுத்தாள். விரல்களை நேராக்கினாள். சாய்த்து நிறுத்தித் தன் வலது கையின் விரல் நுனிகளை அதில் சேர்த்தாள். பிறகு கையை எடுத்து மறுபடி சொன்னாள்: வா.

மகள் திரைக்கு அருகில் குனிந்தாள். கையால் கேட்டாள்.

"இது யார் சொல்வது? நீயா, அப்பாவா?"

மெக்கானிக் கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தார். மின்னல் அதை எட்டிப் பிடித்தாள். கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டே இருந்தாள். பதில் சொல்வதற்குத் தன் வலது கை வேண்டியிருந்ததால் பிறகு விட்டாள்.

"நான்தான். அவர் கை மட்டும் கொடுத்தார்."

மகள் போனை எங்கேயோ சாய்த்து வைத்தாள். இரண்டு கைகளும் ஒழிந்ததும் பேசத் தொடங்கினாள். சின்ன வயதில் அம்மாவோடு பேசுவாளே, அந்த வேகம். மெக்கானிக்கால் தொடர முடியவில்லை. மின்னல் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள். ஓரிடத்தில் இல்லை என்று சொல்லி, அதற்கான நாலு சொல்லையும் நிதானமாகச் சொன்னாள். மகள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். கடைசியில், அப்பாவுக்கும் கேட்கட்டும் என்று வாயால் சொன்னாள்.

"ரெண்டு நாள்ல வர்றேன்ப்பா. நீங்க அம்மாகிட்ட எதுவும் சொல்ல வேணாம். நானே சொல்லிட்டேன்."